மணி அடித்த பிறகு வகுப்புக்குள் நுழைந்த மாணவர்

(ரெட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யார் பெயரில் கூடியிருக்கிறோமோ அவருடைய பள்ளி நாட்களிலிருந்தே தொடங்குகிறேன். ரெட்டைமலை சீனிவாசன் 1893-ல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர். 1924-ல் சென்னை சட்டமன்றத்தில், பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர். 1930-ல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தவர். இவை எல்லாம் நமக்குத் தெரியும். 1939-ல் வெளிவந்த ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்ற சிறிய தன்வரலாற்றில் அவர் தம் பள்ளிக்காலத்தைச் சில வரிகளில் சொல்லிப் போகிறார். அந்த வரிகளை நாம் போதிய அளவு படித்ததில்லை என்று நினைக்கிறேன்.

கோயம்புத்தூரில் அவர் படித்த இடத்தில் ஏறத்தாழ நானூறு மாணவர்கள். பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் பிராமணப் பிள்ளைகள். யாரோடாவது நட்பாகப் பழகினால் வீடு எங்கே, குடும்பம் எது என்று கேட்பார்கள், சாதி தெரிந்துவிடும், பிறகு தாழ்வாக நடத்துவார்கள். அந்தப் பயத்தில் அவர் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். வகுப்பு கலைந்ததும் மற்றவர்கள் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் வீட்டுக்கு நடந்துவிடுவார். மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட முடியாததுதான் அவரை அதிகம் வருத்தியது.

இந்தச் சம்பவத்தில் அவரை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது. பாடமும் காதில் விழுந்தது. ஆனாலும் அந்த வகுப்பு அவருடையதாக இல்லை. இன்று நான் பேசப் போவது இந்த இடைவெளியைப் பற்றி. பள்ளியில் சேர்க்கப்பட்ட ஒரு குழந்தைக்கு, குறிப்பாக ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, ‘இது என் வகுப்பு’ என்ற உணர்வு எப்படி வருகிறது, எதனால் வராமல் போகிறது, நாம் என்ன செய்யலாம் என்பதே பொருள்.

சேர்க்கை வேறு, சேர்ந்திருப்பது வேறு

‘இது என் வகுப்பு’ என்ற உணர்வை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு குழந்தை தனக்குள் கேட்டுக்கொள்ளும் மூன்று கேள்விகள் போதும். நான் ஒரு நாள் வராவிட்டால் யாராவது கேட்பார்களா? நான் தப்பாகப் பதில் சொன்னால் பதிலைப் பார்த்துச் சிரிப்பார்களா, என்னைப் பார்த்துச் சிரிப்பார்களா? மதியம் தட்டைத் தூக்கிக்கொண்டு போனால் ‘இங்க வா’ என்று யாராவது நகர்ந்து இடம் கொடுப்பார்களா? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைக்கும் குழந்தை பாடத்தில் கவனம் வைக்கிறது. கிடைக்காத குழந்தையின் கவனத்தில் பாதி, தன்னைக் காத்துக்கொள்வதிலேயே செலவாகிறது. சீனிவாசன் மணிச் சத்தத்துக்குக் காத்திருந்தது அந்தச் செலவுதான்.

நம் எழுத்தில் இதற்குச் சாட்சிகள் நிறைய உண்டு. அம்பேத்கர் வீட்டிலிருந்து கொண்டுபோன கோணித்துண்டில் வகுப்பின் மூலையில் தனியே உட்கார்ந்தார். அதைப் பள்ளியைப் பெருக்கும் ஆள்கூடத் தொடமாட்டார் என்பதால் சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியிருந்தது. பியூன் வராத நாளில் அவருக்குத் தண்ணீர் இல்லை. ஓம்பிரகாஷ் வால்மீகி ‘ஜூட்டன்’ நூலில், வகுப்பில் உட்கார வேண்டிய சிறுவன் பள்ளி மைதானத்தைப் பெருக்க வைக்கப்பட்டதை எழுதினார். பாமா 1992-ல் வெளியிட்ட ‘கருக்கு’ நூலில், இளநீர்க் காயைத் திருடியதாகப் பள்ளியில் பழி சுமத்தப்பட்ட சிறுமியைக் காட்டினார். மூவரும் பள்ளிக்கு உள்ளே இருந்தவர்கள்தான். பள்ளிக்குள் அவர்களுக்கான இடம்தான் வேறாக இருந்தது.

ஏன் ஆறாம் வகுப்பு?

ஐந்தாம் வகுப்பு வரை நம் பிள்ளைகள் பலரும் குடியிருப்புக்குப் பக்கத்திலுள்ள தொடக்கப்பள்ளியில் படிக்கிறார்கள். கூடப் படிப்பவர்கள் அதே தெருப் பிள்ளைகள். டீச்சருக்கு அம்மா அப்பா பெயர்கூடத் தெரியும். ஆறாம் வகுப்பில் ஊருக்குள்ளோ பக்கத்து ஊரிலோ இருக்கும் பெரிய பள்ளிக்குப் போகிறார்கள். நான்கைந்து ஊர்ப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே அறையில் உட்காருகிறார்கள். ‘நீ எந்தத் தெரு?’ என்ற கேள்வி அங்கேதான் முதலில் வருகிறது. கேட்கும் பிள்ளைக்கும் பதினொரு வயதுதான். ஆனால் அது எதற்கான கேள்வி என்று இருவருக்கும் தெரியும்.

அதே வயதில்தான் உடல் மாறுகிறது. நண்பர் கூட்டம் வீட்டைவிடப் பெரிதாகிறது. அண்ணன்களைப் பார்த்துக் கையில் கலர்க்கயிறு கட்டும் ஆசை வருகிறது. எந்தக் கூட்டத்தில் நான் இருக்கிறேன் என்பதை முடிவு செய்யும் வயதில், பள்ளி தன்னை ஒரு கூட்டமாகக் காட்டாவிட்டால் சாதி அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். ஒதுக்கப்படும் பிள்ளைக்கு மட்டுமல்ல, ஒதுக்கும் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

ஒரு சோதனை சொல்வது

2000-களின் தொடக்கத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள்: உயர்சாதி எனப்படுவோர் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதியினர் 321 பேர். தாளில் வரைந்த புதிர்ப்பாதையில் வழி கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிப்பதற்கு ஏற்பப் பணம். சில குழுக்களில் யாருடைய சாதியும் சொல்லப்படவில்லை. அங்கே இரு தரப்பினரும் ஏறத்தாழ ஒரே அளவில் புதிர்களை விடுவித்தார்கள். வேறு குழுக்களில் தொடங்கும் முன் ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி ஆகியவற்றை எல்லோர் முன்னும் வாசித்தார்கள். அவ்வளவுதான். ஒடுக்கப்பட்ட பையன்களின் செயல்திறன் தெளிவாகச் சரிந்தது.

இதை ‘தாழ்வு மனப்பான்மை’ என்று சொல்லிக் கடந்து போவது எளிது. ஆய்வாளர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள். பரிசு யாருக்கு என்பதை மனிதர் முடிவு செய்யாமல் குலுக்கல் முடிவு செய்யும் என்று ஆக்கியபோது அந்த இடைவெளி மறைந்தது. ஆக, பையன்கள் தங்கள் மூளையைச் சந்தேகிக்கவில்லை. எதிரில் இருப்பவரின் நியாயத்தைத்தான் சந்தேகித்தார்கள். நியாயம் கிடைக்காத இடத்தில் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்வது என்பது அவர்கள் அனுபவத்தில் கற்றது.

அந்தச் சந்தேகம் வீணானதும் அல்ல. ரீமா ஹன்னா, லீ லிண்டன் ஆகியோர் இந்தியாவில் செய்த ஆய்வில், விடைத்தாள்களின் மேல் மாணவர் விவரங்களை மாற்றி மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதி என்று குறித்த தாள்களுக்கு மதிப்பெண் சற்றுக் குறைந்தது. அப்படிக் குறைத்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதி ஆசிரியர்களும் இருந்தார்கள். இதை இந்த மேடையில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆறாம் வகுப்பு படித்தபோது உதவித்தொகைப் பட்டியலை ஆசிரியர் வகுப்பில் வாசிப்பார். பெயர் வந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும். அன்று முதல் வகுப்புக்கே தெரிந்துவிடும். அந்த நிற்றல் என் முழங்காலில் இன்னும் இருக்கிறது. இருபது வருடம் கழித்து நானே ஆசிரியரானேன். ஊக்கத்தொகைக்கான பட்டியல் அலுவலகத்திலிருந்து வந்தது. அவசரம். ஏழாம் வகுப்பில் நின்று நானே வாசித்தேன். ஒரு மாணவி எழவில்லை. இரண்டாம் முறை பெயரைச் சொன்னேன். தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் அம்மாவோடு வந்து, “எனக்கு அந்தப் பணம் வேணாம் சார்” என்றாள். அவள் அம்மா என்னைப் பார்த்து, “சார், நீங்களுமா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு நேர்ந்ததை நானே இன்னொரு குழந்தைக்குச் செய்ய, எனக்குக் கெட்ட எண்ணம் தேவைப்படவில்லை. பழக்கமும் அவசரமும் போதுமாக இருந்தன.

அயல்நாட்டு வழிகள்: எடுத்துக்கொள்ளவும், எச்சரிக்கையாக இருக்கவும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் மேடிசன் நகரில் 11 நடுநிலைப் பள்ளிகளில் 1,304 ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2019-ல் வெளிவந்தது. புதுப் பள்ளிக்கு வந்தபோது தங்களுக்கும் பயம் இருந்தது, போகப்போகச் சரியானது என்று மூத்த மாணவர்கள் சொன்னவற்றைப் பிள்ளைகள் படித்தார்கள். பிறகு தங்கள் அனுபவத்தை எழுதினார்கள். இந்தச் சிறிய பயிற்சியால் வராத நாட்களும் ஒழுங்கு நடவடிக்கைகளும் குறைந்தன, மதிப்பெண் உயர்ந்தது.

நல்ல வழி. ஆனால் அப்படியே இங்கே இறக்கினால் ஆபத்து. ‘எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும், சரியாகிவிடும்’ என்பது, பயத்துக்கு வெளியே காரணம் இல்லாதபோது உண்மை. தண்ணீர்த் தொட்டியில் கைவைத்தால் அதட்டுகிறார்கள், கயிறு கட்டியவர்கள் வழி மறிக்கிறார்கள் என்றால் அது சரியாகிவிடும் என்று சொல்வது பொய். அந்தப் பொய்யைக் குழந்தை உடனே கண்டுபிடிக்கும். பிறகு நாம் சொல்லும் எதையும் நம்பாது. எனவே நமக்கு வேலை இரண்டு, வரிசை மாறக் கூடாது: முதலில் நிஜமான ஒதுக்கலை அகற்றுவது, அடுத்து, மிச்சமிருக்கும் பயம் எல்லோருக்கும் உள்ளதுதான் என்று சொல்வது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை இங்கே நினைவுகொள்ள வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவரையும் தடுக்க வந்த அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் பள்ளி மாணவர்கள். அந்த மாணவர் பள்ளிக்கு வராமல் நின்றதும், தனக்கு நேர்வதைப் பள்ளியில் சொன்னதும் அதற்கு முன்பே நடந்தவை. சொன்ன குழந்தைக்குக் காவல் இல்லை. பேசச் சொல்வதற்கு முன், பேசியவரைப் பாதுகாக்கும் ஏற்பாடு வேண்டும் என்பதே அதன் பாடம். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதிச் சொற்களை நீக்குவது, கலர்க்கயிறு போன்ற சாதி அடையாளங்களைத் தடுப்பது, அகர வரிசையில் உட்கார வைப்பது முதலியவை பரிந்துரைகளில் உண்டு. அவை நம் பள்ளியில் நடக்கிறதா என்று கேட்க அரசாணைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

ஆசிரியர்களும் ஆசிரியராகப் போகிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். நாளைக்கே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, பெயர். ‘காலனிப் பசங்க’, ‘பஸ் பாஸ் கூட்டம்’ என்று கூப்பிடாமல், ஒவ்வொரு பிள்ளையையும் அதற்குப் பிடித்தபடி பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வராத பிள்ளை மறுநாள் வந்ததும் ‘ஏன் வரல?’ என்று அதட்டுவதற்கு முன், ‘நேத்து நீ இல்லாம உங்க குழு ஒரு ஆள் குறைஞ்சு போச்சு’ என்று சொல்லுங்கள்.

இரண்டு, பட்டியல். உதவித்தொகை, சாதிச் சான்றிதழ் தொடர்பான எதையும் வகுப்பில் வாசிக்க வேண்டாம். பெற்றோரிடம் தனியாகச் சொல்லலாம். எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே நாளில் ஆவணங்களை உறையில் வைத்து வாங்கலாம். நான் அந்த மாணவிக்குப் பிறகு அப்படித்தான் செய்தேன். பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவே.

மூன்று, வேலை. யார் பெருக்குகிறார்கள், யார் கரும்பலகை துடைக்கிறார்கள், யார் சாருக்கு டீ வாங்கப் போகிறார்கள், யார் மேடையில் வரவேற்புரை சொல்கிறார்கள் என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். அந்தத் தாளே உங்களிடம் பேசும். பிறகு முறைப்பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். கழிப்பறையைச் சுத்தம் செய்வது எந்தப் பிள்ளையின் வேலையும் அல்ல.

நான்கு, சோறும் தண்ணீரும். சத்துணவு வரிசையில் ஆசிரியரும் தட்டோடு நின்று, பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து சாப்பிடட்டும். சமைக்கும் அம்மாவின் சாதியைச் சொல்லிச் சாப்பிட மறுக்கும் பேச்சு வந்தால், அன்றைக்கு அந்த ஒரு செயல் பத்து அறிவுரைக்குச் சமம்.

ஐந்து, திருத்துவது. அமெரிக்காவில் ஏழாம் வகுப்புக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்தபோது சிலருக்கு, ‘உன்னால் இன்னும் நன்றாக எழுத முடியும் என்று தெரிவதால்தான் இவ்வளவு குறிப்பு எழுதியிருக்கிறேன்’ என்ற பொருளில் ஒரு சீட்டு வைத்தார்கள். சீட்டு இல்லாத கறுப்பின மாணவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே கட்டுரையைத் திருத்தி மீண்டும் தந்தார்கள். சீட்டு கிடைத்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் தந்தார்கள். சிவப்பு மையை ‘நீ லாயக்கில்லை’ என்று படிக்கப் பழகிய குழந்தைக்கு, அதன் பொருள் வேறு என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ‘பாவம், இவனுக்கு இது போதும்’ என்று மதிப்பெண் போட்டுவிடுவதும் ஒதுக்குவதுதான்.

ஆறு, சேர்ந்து படிப்பது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் கறுப்பின, வெள்ளை, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபோது சண்டை மூண்டது. 1971-ல் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். பாடத்தை ஐந்து துண்டாக்க வேண்டும். ஐந்து பேர் கொண்ட குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு. ஒரே துண்டு பெற்றவர்கள் முதலில் தனியே கூடிப் பேசித் தெளிந்துகொள்வார்கள். பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். தேர்வு முழுப் பாடத்துக்கும். பக்கத்தில் இருப்பவனைக் கேலி செய்தால் அவனிடமுள்ள துண்டு நமக்குக் கிடைக்காது. அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும். இதில் இரண்டு கவனம் வேண்டும். குழுவை ஆசிரியர்தான் பிரிக்க வேண்டும். பிள்ளைகளிடம் விட்டால் தெரு வாரியாகத்தான் பிரிவார்கள். வாசிக்கத் திணறும் பிள்ளை தன் துண்டைச் சொல்லும்முன் தயாராகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே புதிய அவமானமாகிவிடும். ஒரு நாள் வேடிக்கையாகச் செய்யாமல், சில வாரங்கள் தொடர்ந்து செய்ய வேண்டும்.

ஏழு, இழிசொல். வகுப்பில் யாராவது சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் காதில் விழாதது போலக் கரும்பலகைப் பக்கம் திரும்பாதீர்கள். பாடத்தை நிறுத்துங்கள். ‘இந்தச் சொல் இந்த வகுப்பில் கிடையாது’ என்று எல்லோரையும் பார்த்துச் சொல்லுங்கள். திட்டு வாங்கிய பிள்ளையை எழுப்பி விசாரிக்காதீர்கள். பிறகு தனியே பேசுங்கள். நடந்ததைத் தேதியோடு எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். சொன்ன பிள்ளையின் வீட்டுக்கும் சொல்ல வேண்டும். குழந்தை அந்தச் சொல்லை எங்கிருந்து கொண்டுவந்தது என்பது நமக்குத் தெரியும்.

வகுப்பறைக்கு வெளியே நம் வேலை

செயற்பாட்டாளர்களுக்கு ஒரு வார்த்தை. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதி பேர் பெண்கள். விளிம்புநிலைப் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் உண்டு. அந்த நாற்காலிகளில் நம் தாய்மார் உட்காருகிறார்களா? உட்கார்ந்தால் பேசுகிறார்களா, கையெழுத்து மட்டும் போடுகிறார்களா? கூட்டத்துக்கு முதல் நாள் அவர்களோடு உட்கார்ந்து, என்ன கேட்கலாம் என்று பேசுவது நம் வேலை. அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு, குழந்தையை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. இது அந்தத் தாய்மாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் குடியிருப்புகளில் மாலை வகுப்பு நடத்தும் தோழர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். அங்கே நம் பிள்ளைகள் கூச்சமில்லாமல் கையைத் தூக்குகிறார்கள். அது பெரிய காரியம். ஆனால் மாலை வகுப்பில் சிங்கமாக இருக்கும் பிள்ளை பகலில் பள்ளியில் கடைசி பெஞ்சில் சுருண்டு கிடந்தால் நம் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. பள்ளி நம் வரிப்பணத்தில், நம் உரிமையில் நடப்பது. அதை விட்டுக்கொடுத்துவிட்டு, தெருவில் நமக்கென ஒரு மூலையை வைத்துக்கொள்வது சீனிவாசன் 1924-ல் கேட்டதற்கு நேர் எதிரானது. அவர் கேட்டது தனிச் சாலை அல்ல, பொதுச் சாலை.

கல்லூரி மாணவர்களுக்கு எளிய வேலை ஒன்று. ஜூன் மாதம் நம் தெருவிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். முதல் வாரம் கூடவே நடந்து போங்கள். தினமும் சாயங்காலம் ‘இன்னிக்கு யார் பக்கத்துல உக்காந்த?’ என்று கேளுங்கள். ‘என்ன பாடம் நடந்தது?’ என்பதை அப்புறம் கேட்கலாம். பதில் மூன்று நாள் தொடர்ந்து ‘யாரும் இல்ல’ என்று வந்தால், நான்காம் நாள் வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். நீங்கள் கூடத் துணையாக வந்திருக்கிறீர்கள் என்பதைப் பள்ளி பார்ப்பதே அந்தப் பிள்ளைக்கு ஒரு காவல்.

நான் சொன்ன அந்த மாணவி அந்த ஆண்டு ஊக்கத்தொகையை வாங்கவில்லை. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. படிப்பை விடவில்லை என்பது மட்டுமே எனக்கு ஆறுதல். எட்டாம் வகுப்பில் ஒரு நாள் காலை, மணி அடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே அவள் வந்து, இன்னும் மூன்று பெண்களோடு வராந்தாவில் சொட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மூவரும் வேறு வேறு தெருக்காரர்கள். நான் அவர்களைக் கலைக்காமல் சுற்றிக்கொண்டு போனேன்.

கோயம்புத்தூரில் மணி அடிக்கும்வரை வெளியே நின்ற அந்தச் சிறுவன் கேட்டதும் இந்த அரை மணி நேரத்தைத்தான். மணிக்கு முன்பே வந்து விளையாட நம் பிள்ளைகளுக்குத் தைரியம் இருக்கிறதா என்று ஒவ்வொரு பள்ளி வாசலிலும் நின்று பார்ப்போம். இல்லையென்றால் அங்கே நமக்கு வேலை இருக்கிறது.

ஜெய்பீம்.